தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் பாதுகாப்பாக உயர்த்துதல்: கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரை உயர்த்தும்போது உண்டாகும் ஆபத்துக்கு அதன் எடை காரணமல்ல. ஹொண்டா எஸ்660 ஏறத்தாழ 830 கிலோகிராம்தான். டொயோட்டா 86 ஏறத்தாழ 1,240 கிலோகிராம். ஒரு சாதாரண வானை விட இவை இலகுவானவை. காரணம் இடமின்மை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ட்ரொலி ஜாக்கி முழுவதும் தாழ்ந்த நிலையிலும் 130 அல்லது 140 மில்லிமீற்றர் உயரம் நிற்கும். கம்பனியிலிருந்து வந்த நிலையிலேயே காரின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும், ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காரிலோ அது 100 மில்லிமீற்றருக்கும் கீழே போய்விடும். ஜாக்கி உரிய இடத்துக்குப் போகாதபோது, போகக்கூடிய இடத்தில் அதை வைத்துத் தூக்கும் எண்ணம் எவருக்கும் வரும். பம்பரின் உதடு (அதன் கீழ் விளிம்பு), பிளாஸ்டிக் அடித்தட்டு, சில்லைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம், எஞ்சின் ஒயில் தங்கும் ஒயில் சம்ப் ஆகியவற்றின் கீழே ஜாக்கி நுழைவது இப்படித்தான். ஜாக்கி இருக்கும் இடத்திலேயே ஸ்டாண்டும் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) அமர வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் வைக்க இடம் கிடைக்காது; அப்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்து வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஜாக்கி ஒருபோதும் தாங்குவதற்கான கருவியன்று. அதன் உள்ளே ஒரு சிறு றப்பர் வளையம் தேய்ந்தாலும் ஒயில் பின்வாங்கிக் கார் இறங்கிவிடும். எனவே ஸ்டாண்ட் எங்கே அமரப்போகிறது என்பதை ஜாக்கியின் பிடியைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அந்த முடிவை ஒட்டியே அமைந்திருக்கிறது.

இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. அதனால் கொழும்பில் ஓடும் மஸ்டா ரோட்ஸ்டர், மஸ்டா ஆர்எக்ஸ்-8, நிஸான் ஃபெயார்லேடி இசட், ஹொண்டா சீஆர்-இசட் போன்ற கார்களில் பெரும்பாலானவை வயதானவை, அடிக்கடி அடிப்பக்கம் பார்க்க வேண்டியவை. ஒயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது, சில்லுகளை இடம் மாற்றுவது ஆகியவற்றை வீட்டிலேயே செய்ய விரும்புவது முற்றிலும் நியாயமானது. ஒழுங்காகச் செய்தால் அது பாதுகாப்பானதும்கூட.

முதலில் தரை

கொழும்பு வீடுகளில் கார் நிற்கும் இடம் பலவகைப்படும்: சீமெந்து பூசிய போர்ட்டிகோ, வழவழப்பான டைல் பதித்த போர்ட்டிகோ, இன்டர்லொக் கல் பதித்த முற்றம், தொடர்மாடியின் அடித்தள வாகனத் தரிப்பிடம், கேற்றுக்கு வெளியே ஒழுங்கையின் தார் வீதி. இவற்றுள் வெடிப்பில்லாத, தடித்த சீமெந்துத் தரையைத் தவிர மற்ற எதுவும் அப்படியே பயன்படுத்தத் தக்கதன்று.

டைல் தரை இரண்டு வகையில் ஏமாற்றும். ஸ்டாண்டின் நான்கு கால்களும் சிறிய பரப்பில் அழுத்துவதால், அடியில் வெற்றிடம் உள்ள டைல் திடீரென்று உடையும். மழைச்சாரல் பட்ட டைலில் ஸ்டாண்டின் கால் வழுக்கும். இன்டர்லொக் கல்லின் கீழே இருப்பது மணல் என்பதால், ஒரு கல் மட்டும் சில மில்லிமீற்றர் அமிழ்ந்தாலும் ஸ்டாண்ட் சாய்ந்துவிடும். வெயிலில் காய்ந்த தார் இளகுவதால் ஸ்டாண்டின் கால்கள் அதில் மெல்ல மெல்லப் புதையும். ஒழுங்கையில் வாகனங்களும் ஆட்களும் போய்வருவதால், தார் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அங்கே காரை ஸ்டாண்டில் நிறுத்தக் கூடாது. டைலிலோ இன்டர்லொக்கிலோதான் செய்ய வேண்டியிருந்தால், ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் குறைந்தது 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஸ்டாண்டின் அடியை விட எல்லாப் பக்கமும் அகன்ற பிளைவூட் துண்டு ஒன்றை வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடுவது நல்லது; ஒயில் சிந்துவது அங்கே பொதுவான முறைப்பாடு.

சரிவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. மழைநீர் கானுக்கு ஓடும்படி நமது போர்ட்டிகோக்கள் வேண்டுமென்றே சரிவாகக் கட்டப்படுகின்றன. நீரோட்டத்துக்கு அந்தச் சரிவு உதவினாலும், காரை உருளச் செய்யவும் அது போதும். ஒரு மீற்றர் நீளமான நேரான பலகையின் மேல் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழ் நடுவுக்கு வரும்வரை உயர்த்தி, அந்த முனைக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பாருங்கள். 10 மில்லிமீற்றர் என்றால் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. அதற்குள் இருந்தால் வேலை செய்யலாம். அதைவிட அதிகமானால் வேறு இடம் தேடுவதே என் அறிவுரை. கேற்றிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவுப் பகுதியில் எந்த நிலையிலும் காரை உயர்த்தக் கூடாது.

வானிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை சில நிமிடங்களில் முற்றத்தை நனைத்துவிடும்; பாதி கழற்றிய காரோடு அவசரப்பட நேரும். அந்த மாதங்களில் காலையில் தொடங்குங்கள்.

கருவிகள்

தாழ்ந்த கார்களுக்கென்று செய்யப்பட்ட ட்ரொலி ஜாக்கிகள் உண்டு. அவற்றின் தலை 75 முதல் 100 மில்லிமீற்றர் உயரம் வரை தாழும். 2 தொன் திறன் போதுமானது. ஆனால் வாங்கும்போது தலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. இன்னும் இரண்டு அளவுகள் முக்கியமானவை. முதலாவது, ஜாக்கி எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பது. ஜாக்கியின் முன்பகுதி தாழ்வாக இருந்தாலும், பிடி பொருத்தப்பட்ட பின்பகுதி உயரமானது. பம்பரின் உதட்டிலிருந்து முன் குறுக்குச் சட்டம் (முன்சில்லுகளுக்கிடையே காரின் அடியில் குறுக்காகப் போகும் பலமான சட்டம்) வரையுள்ள தூரத்தை அளந்து, அந்தத் தூரம் உள்ளே போன பிறகும் ஜாக்கியின் உயரமான பகுதி பம்பருக்கு வெளியே நிற்குமா என்று கடையிலேயே அளவு நாடாவால் பாருங்கள். இரண்டாவது, அது எவ்வளவு உயரம் தூக்கும் என்பது. சாதாரண 2 தொன் ஸ்டாண்டின் மிகத் தாழ்ந்த நிலையே ஏறத்தாழ 270 மில்லிமீற்றர். காரின் அடி விளிம்பு அதற்கு மேலே போகாவிட்டால் ஸ்டாண்டை உள்ளே வைக்கவே முடியாது. மிகத் தாழ்ந்த சில ஜாக்கிகள் உயரத்தை விட்டுக்கொடுத்தே அந்தத் தாழ்வை அடைந்திருக்கின்றன. பஞ்சிகாவத்தையில் பயன்படுத்திய ஜாக்கிகளும் கிடைக்கும். வாங்குவதானால் ஒரு வாகனத்தைத் தூக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டு, தலை இறங்குகிறதா, பம்பைச் சுற்றி ஒயில் கசிகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

காரோடு வரும் கத்தரிக்கோல் வகை ஜாக்கி வீதியோரத்தில் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே. புதிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லுக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் திரவமே வருவதால், அந்த ஜாக்கிகூட இருக்காது.

ஸ்டாண்டுகள் சோடியாக வேண்டும்; நான்கு சில்லுகளையும் உயர்த்துவதானால் ஒரே வகையில் இரண்டு சோடிகள். எழுதப்பட்டிருக்கும் திறன் ஒன்றுக்கானதா, சோடிக்கானதா என்று வாசித்துப் பாருங்கள். பல்வரிசையில் நாக்குக் கொளுவும் வகையை விட, துளையினூடே தடித்த இரும்பு ஊசி செருகும் வகையை நான் விரும்புகிறேன். ஊசி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல்வரிசை வகை ஸ்டாண்டுகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. பாரம் அசையும்போது நாக்குப் பல்லிலிருந்து நழுவக்கூடும் என்பதே காரணம். பல்வரிசை வகைதான் கையில் இருக்கிறது என்றால், மேலதிகப் பாதுகாப்பு ஊசி உள்ளதைப் பயன்படுத்துங்கள். நாக்கு பல்லில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மதில் கட்டும் சீமெந்துக் கல்லையோ செங்கல்லையோ ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. அவை பரப்பி வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. ஒரு சிறிய விளிம்பில் முழுப் பாரமும் இறங்கும்போது எந்த முன்னறிவிப்புமின்றி நொறுங்கும். வீட்டு மூலைகளில் எளிதாகக் கிடைக்கின்றன என்பதாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றோடு, நடுவே வெட்டுப் பள்ளமுள்ள றப்பர் கட்டைகள், சில்லுக்கு அணைவாக வைக்கும் ஆப்புக் கட்டைகள் நான்கு, நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரெஞ்ச், டோர்ச், மூடிய சப்பாத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை தேவை.

கார் எங்கே தாங்கும், எங்கே தாங்காது

காரின் கையேட்டில் ஜாக்கிப் புள்ளிகளைக் காட்டும் படம் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அந்தக் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் படம் தெளிவாகவே புரியும். வெளிநாட்டுச் சந்தைக்கான ஆங்கிலக் கையேட்டையும் பெரும்பாலான மொடல்களுக்குத் தேடி எடுக்கலாம். பழுதுபார்ப்புக் கையேடு கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ட்ரொலி ஜாக்கிக்கு உரிய நடுப்புள்ளிகளை அதுவே காட்டும்.

பெரும்பாலான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பக்க விளிம்பின் அடியில், முன்சில்லுக்குச் சற்றுப் பின்னும் பின்சில்லுக்குச் சற்று முன்னுமாக, இரண்டு தகடுகள் சேர்த்து ஒட்டப்பட்ட மடிப்பு கீழ்நோக்கி நிற்கும். அந்த மடிப்பில் இரண்டு வெட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி தடித்த தகட்டால் பலப்படுத்தப்பட்டது. ஸ்டாண்ட் அமர வேண்டிய இடம் அதுதான். பள்ளமுள்ள றப்பர் கட்டையை ஸ்டாண்டின் தலையில் வைத்து மடிப்பைப் பள்ளத்துக்குள் இறக்கினால், பாரம் மடிப்பின் நுனியில் விழாமல் அதன் இருபுறத் தகட்டில் விழும். வெட்டுகளுக்கு வெளியே சில அங்குலம் தள்ளி வைத்தால் மடிப்பு வளைந்துவிடும். பின்னர் பொருத்திய சைட் ஸ்கர்ட் இந்த மடிப்பை மறைத்திருந்தால், விரலால் தடவித் தேடி, வெட்டுகளை வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளமிட்டு வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

ட்ரொலி ஜாக்கிக்கு உகந்த இடம், கையேடு அனுமதித்தால், முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதி. அங்கே தூக்கினால் இரு முன்சில்லுகளும் ஒருசேர உயரும்; பக்க விளிம்புகள் இரண்டும் ஸ்டாண்டுகளுக்காக வெறுமையாக இருக்கும். பின்புறத்தில் சில கார்களுக்கு டிஃபரன்ஷியலின் (இரு பின்சில்லுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) அடியை அல்லது பின்புறச் சட்டத்தைக் கம்பனி அனுமதிக்கிறது, சிலவற்றுக்கு அனுமதிப்பதில்லை. அலுமினிய உறையுள்ள டிஃபரன்ஷியலை ஊகத்தின் பேரில் ஒருபோதும் தூக்க வேண்டாம். போர்ஷே 911, பொக்ஸ்டர் போன்றவற்றில் நான்கு பக்கமும் வட்டமான ஜாக்கிப் புள்ளிகள் இருக்கின்றன. ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் ஒரே புள்ளி என்பதே அங்கே சிக்கல். ஜாக்கியின் தலையையும் ஸ்டாண்டின் தாங்கியையும் ஒரே இடத்தில் ஏற்கும் இணைப்புத் தாங்கிகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன; அத்தகைய கார் வைத்திருப்பவர் அதற்குச் செலவழிப்பது வீணல்ல.

தொடவே கூடாதவை: ஒயில் சம்ப், கியர்பெட்டி, ரேடியேட்டரின் அடி, பிளாஸ்டிக் தட்டு, தரைத்தகடு, சைலன்சர் குழாய், சஸ்பென்ஷன் ஆர்ம். சீஆர்-இசட் போன்ற ஹைப்ரிட் காரில், பின்னாலுள்ள பெரிய பேட்டரியிலிருந்து முன்னாலுள்ள மோட்டாருக்கு அடிப்பக்கமாகச் செம்மஞ்சள் நிற உயரழுத்தக் கேபிள்கள் போகின்றன. ஜாக்கியின் தலை அவற்றின் அருகிலும் போகக் கூடாது.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அடி விளிம்பை அரிக்கிறது. பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவும் ஜப்பானியப் பகுதிகளிலிருந்து வந்த கார்கள் கப்பலிலிருந்து இறங்கும்போதே துருவோடு இறங்கியிருக்கலாம். ஜாக்கிப் புள்ளியைத் திருகாணிச் செலுத்தியின் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ அந்த இடம் பாரம் தாங்காது. அங்கே முதலில் தகட்டு வேலை செய்விக்க வேண்டும்.

உருளாமல் நிறுத்துதல்

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. பின்சில்லு இழுக்கும் கார்களில், அதாவது எஞ்சினின் விசை பின்சில்லுகளுக்குப் போகும் கார்களில், கியரும் பின்சில்லுகளையே பிடிக்கிறது. ஆகவே ரோட்ஸ்டரிலோ டொயோட்டா 86 இலோ பின்புறத்தைத் தூக்கிய கணத்திலேயே ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் பயனற்றுப் போகின்றன. தரையில் மிஞ்சியிருக்கும் முன்சில்லுகளைத் தடுக்க எதுவுமில்லை. ஒரு பின்சில்லை மட்டும் தூக்கினாலும் கதை ஏறத்தாழ அதேதான்: சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சில்லு விடுதலையாகச் சுழல்வதால் தரையிலுள்ள சில்லைக் கியரால் பிடிக்க முடியாது, ஒற்றைச் சில்லின் ஹேண்ட் பிரேக் மட்டுமே எஞ்சுகிறது. முன்சில்லு இழுக்கும் சீஆர்-இசட், இன்டெக்ரா போன்றவற்றில் கியர் முன்சில்லுகளைப் பிடிப்பதால் நிலைமை சற்று வேறானது; ஆயினும் முன்புறத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் ஒன்றே மிஞ்சும்.

எனவே தரையில் நிற்கப்போகும் சில்லுகளின் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வைத்து அடித்து நெருக்க வேண்டும். அடுத்துச் சொல்லும் பலகையில் ஏற்றுவதானால், இதையும் இந்தப் பகுதியில் வரும் மற்றவற்றையும் ஏற்றிய பின்பே செய்யுங்கள். வீதியோரக் கல்லை வைப்பது நமது வழக்கம். கல் உருளும், ஆப்பு உருளாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கைக்கியர் காரானால் முதலாம் கியரிலும், ஓட்டோ காரானால் பார்க்கிலும் விட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுங்கள். கதவுகளையும் டிக்கி மூடியையும் மூடுங்கள். திறந்த கூரையுள்ள ரோட்ஸ்டர், எஸ்660 போன்றவற்றில் உடல் சற்று வளையக்கூடும் என்பதால் கார் உயரத்தில் இருக்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். சில்லைக் கழற்றுவதானால் நட்டுகளை இப்போதே, சில்லு தரையில் இருக்கும்போதே, கால் சுற்று மட்டும் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பலகை ஏற்றம்

தாழ்ந்த காருக்கு மிகவும் உதவும் பொருள் மிகவும் எளிமையானது: மரப்பலகை. மொறட்டுவைப் பக்க மரக்காலைகளில் 40 மில்லிமீற்றர் தடிப்பும் 250 மில்லிமீற்றர் அகலமும் உள்ள உறுதியான பலகை வாங்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 900 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒன்றையும், அதன் மேல் 500 மில்லிமீற்றர் நீளமுள்ள இன்னொன்றையும் வைத்து மரத்திருகாணியால் முடுக்கினால், 80 மில்லிமீற்றர் உயரமுள்ள படி கிடைக்கும். இரண்டு பலகைகளின் ஏறும் முனையையும் சரிவாகச் சீவி, மேற்பலகையின் கடைசியில் சில்லு தாண்டிப் போகாதபடி குறுக்குக் கட்டை ஒன்றை அடியுங்கள். செய்வதற்கு முன் பம்பர் உதட்டின் உயரத்தை அளக்க வேண்டும்: படியின் முழு உயரமும் உதட்டின் கீழே நுழைய வேண்டும். உதடு 110 மில்லிமீற்றரில் இருந்தால் 80 நுழையும். 75 இல் இருந்தால் நுழையாது, அப்போது 40 மில்லிமீற்றர் பலகை ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். ஆனால் அவர் காருக்கு நேர் முன்னே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். பின்சில்லு இழுக்கும் காரில் முன்சில்லு தள்ளப்பட்டு அமைதியாக ஏறும். முன்சில்லு இழுக்கும் காரிலோ சில்லு பலகையைப் பின்னோக்கி வாரி எறியக்கூடும். அதனால் பலகையின் அடியில் சொரசொரப்பான றப்பர் விரிப்பை ஒட்டி, கிளச்சை மிக மெதுவாக விட வேண்டும். பலகை வெடிப்பும் கணுவும் இல்லாததாக இருப்பது அவசியம்.

இந்த 40 அல்லது 80 மில்லிமீற்றர் கிடைத்ததும் மற்ற எல்லாமே எளிதாகும். ஜாக்கி குறுக்குச் சட்டம் வரை போகும். பிடியை மேலும் கீழும் அசைக்கும்போது பம்பரில் இடிக்காது. ஆனால் பலகை, ஏறி நிற்பதற்கு மட்டுமே. பலகையின் மேல் நிற்கும் காரின் அடியில் நுழைந்து வேலை செய்யப் போதிய இடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பலகையில் ஏறிய பின் பின்சில்லுகளின் ஆப்புகளை நெருக்கி அடியுங்கள்.

முன்புறத்தை உயர்த்துதல்

நான்கு சில்லுகளையும் உயர்த்த வேண்டுமானாலும் முன்புறத்திலிருந்தே தொடங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முன்புறம் உயரும்போது ஹேண்ட் பிரேக் பிடித்த பின்சில்லுகள் தரையில் இருக்கும். பிறகு பின்புறத்தைத் தூக்கும்போது முன்புறம் உருளாத ஸ்டாண்டுகளில் இருக்கும். இரண்டாவது காரணம் தாழ்ந்த கார்களுக்கே உரியது. முன்சில்லுகள் தரையில் இருக்கப் பின்புறத்தைத் தூக்கினால் மூக்குத் தாழும். டொயோட்டா 86 இன் சில்லிடைத் தூரம் 2,570 மில்லிமீற்றர். முன்சில்லின் மையத்திலிருந்து மூக்கு நுனி வரை 850 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டு, பின்புறத்தை 300 மில்லிமீற்றர் உயர்த்தினால் மூக்கு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் கீழே வரும். தாழ்த்திய காரின் உதடு அப்போது தரையில் அழுந்தி உடைந்துவிடும்.

ஜாக்கியின் தலையில் றப்பர் கட்டையை வைத்து, குறுக்குச் சட்டத்தின் நடுவில் அது படும்வரை பம்ப் செய்யுங்கள். பட்டதும் நிறுத்தி, தரையில் படுத்து டோர்ச் அடித்து, தலை உரிய இடத்தில் உள்ளதா, ஜாக்கி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவாகத் தூக்குங்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது ஜாக்கியின் சிறிய சில்லுகளை. ஜாக்கியின் கை வில்போல வளைந்த பாதையில் உயர்வதால் அதன் தலை பிடியின் பக்கமாகப் பின்னோக்கி நகர்கிறது; அதை ஈடுசெய்ய ஜாக்கி முழுவதும் காருக்குள் சற்று உருள வேண்டும். இன்டர்லொக் இடைவெளியிலோ, டைலின் ஓரத்திலோ, ஒரு சிறு கூழாங்கல்லிலோ அந்தச் சில்லுகள் சிக்கிக்கொண்டால், தலை சட்டத்திலிருந்து வழுக்கும் அல்லது காரையே இழுக்கும். தூக்குவதற்கு முன் தரையைக் கூட்டுங்கள். கரடுமுரடான தரையில் ஜாக்கியின் கீழே ஓர் இரும்புத் தகட்டை விரியுங்கள். பிளைவூட் இங்கே உயரத்தைத் தின்றுவிடும், 4 அல்லது 5 மில்லிமீற்றர் தகடு தின்னாது. ஒவ்வொரு சில பம்புகளுக்கும் ஒரு முறை ஜாக்கி உருள்கிறதா, ஆப்புகள் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடி விளிம்பு ஸ்டாண்டின் உயரத்தைச் சிறிது தாண்டியதும், இரு பக்கமும் ஸ்டாண்டுகளை முன் ஜாக்கிப் புள்ளிகளின் கீழே, இரண்டும் ஒரே உயரத்தில், நகர்த்தி வையுங்கள். கையை மட்டும் நீட்டி வைக்க வேண்டும். தலையோ தோளோ காரின் கீழே போகக் கூடாது. பிறகு ஜாக்கியின் வால்வை ஒரு மயிரிழை அளவு மட்டும் திறந்து காரை ஸ்டாண்டில் இறக்குங்கள். மடிப்புப் பள்ளத்தில் சரியாக இறங்கவில்லையெனில் மீண்டும் தூக்கிச் சரிசெய்யுங்கள். ஸ்டாண்டைச் சுத்தியலால் தட்டி நகர்த்த முயல வேண்டாம்.

பின்புறம்

முன்புறம் ஸ்டாண்டில் இருக்கும்போது பின்புறத்தைத் தூக்கினால் காரின் சாய்வு மாறும். அதற்கேற்ப முன் ஸ்டாண்டின் தலையில் விளிம்பு திரும்பும். ஒரேயடியாக உயரத் தூக்கினால் அந்தத் திருப்பம் ஸ்டாண்டைச் சாய்த்துவிடும். எனவே முன் ஸ்டாண்டுகளை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்து, பின்புறத்தையும் அதே தாழ்ந்த நிலைக்கு உயர்த்தி, கூடுதல் உயரம் வேண்டுமானால் மீண்டும் முன்னுக்கு வந்து ஒரு படி, பின்னுக்குப் போய் ஒரு படி என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நான்கு ஸ்டாண்டுகளின் எல்லாக் கால்களும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்க்க வேண்டும். பின்புற நடுப்புள்ளி அனுமதிக்கப்படாத காரில் ஒரு பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, பிறகு மறு பக்கத்தைத் தூக்கலாம். இங்கே இன்னும் சிறிய படிகள் தேவை.

அடியில் நுழைவதற்கு முன்

ஸ்டாண்டில் இறக்கியதும், சில்லுகள் கழற்றப்படாத நிலையிலேயே, காரின் பக்கவாட்டில் நின்று கூரை ஓரத்தையும் பம்பரின் பலமான பகுதியையும் இரு கைகளாலும் உறுதியாகத் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னுமாகவும் தள்ளுங்கள். விழுவதானால் ஆளில்லாத இப்போதே விழட்டும். ஸ்டாண்ட் கிறீச்சிட்டாலோ, ஒரு கால் தூக்கினாலோ, இறக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். இதன் பிறகு, ஜாக்கியைக் குறுக்குச் சட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் உயர்த்தி அங்கேயே விட்டுவிடுங்கள். கழற்றிய சில்லுகளைப் பக்க விளிம்பின் கீழே படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் தவறினாலும் கார் அந்தச் சில்லின் மேல் நிற்கும்.

ஓடிய உடனே சைலன்சர் குழாயும் ஒயிலும் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும்; ஆற விடுங்கள். இறுகிய நட்டொன்றை நீண்ட பிடியால் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டிய வேலை, ஸ்டாண்டில் நிற்கும் காரை அசைக்கும் வேலை. அதைக் கராஜின் லிஃப்டில் செய்விப்பதே சரி. வீட்டில் தனியாக இருக்கும்போது காரின் அடியில் போக வேண்டாம். வீட்டிலுள்ள ஒருவரிடம் என்ன செய்கிறீர்கள் என்பதையும், ஏதேனும் நடந்தால் காரைக் கையால் தூக்க முயலாமல் பக்கத்திலிருக்கும் ஜாக்கியால் தூக்க வேண்டும் என்பதையும், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டே தொடங்குங்கள். பிள்ளைகளும் வீட்டு நாயும் அந்தப் பக்கம் வராதபடி போர்ட்டிகோவின் கதவைச் சாத்தி வையுங்கள்.

இறக்குதல்

இறக்குவதற்கு முன் அடியில் கருவி, துணி, ஒயில் தட்டு எதுவும் மிஞ்சவில்லை என்று பாருங்கள். சில்லுகளை மாட்டி நட்டுகளைக் கையால் முழுவதும் சுற்றி, பிறகு நட்சத்திர ஒழுங்கில் இலேசாக இறுக்குங்கள். முதலில் பின்புறத்தை, பிறகு முன்புறத்தை, ஏற்றிய அதே சிறு படிகளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டை விடுவிக்கத் தேவையான அளவு மட்டும் தூக்கி, ஸ்டாண்டைக் கையால் வெளியே இழுத்து, வால்வை மிக மெதுவாகத் திறங்கள். ஜாக்கி இப்போதும் உருள வேண்டும், இம்முறை வெளிநோக்கி. முன்புறம் இறங்கும் இடத்தில் பலகைகள் மீண்டும் சில்லுகளின் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் தாழ்ந்ததும் ஜாக்கி பம்பரின் உள்ளே சிக்கிக்கொள்ளும். இதைப் பலர் இறக்கிய பின்பே உணர்கிறார்கள்.

சில்லு தரையில் நின்ற பின் நட்டுகளை டோர்க் ரெஞ்ச்சால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள்: டொயோட்டா 86 க்கு 120 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு 108. மிகையாக இறுக்கினால் போல்ட் நீண்டு பலவீனமாகும். அலோய் சில்லின் இருக்கையும் நசுங்கும். ஆப்புகளை எடுப்பதற்கு முன் ஹேண்ட் பிரேக் இழுத்திருப்பதை உறுதிசெய்து, பலகையிலிருந்து பின்னோக்கி மெதுவாக இறங்குங்கள். இறங்கும்போதும் பக்கத்தில் ஒருவர் நின்று பம்பரின் உதட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். பிரேக் வேலை செய்திருந்தால் கேற்றைத் தாண்டுவதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை சில முறை மிதித்துக்கொள்ள வேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, சில்லுகள் ஆறியிருக்கும் ஒரு காலையில், நட்டுகளை அதே அளவில் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.